மேபல் போன ஊர்

ஜூன் 8, திங்கள்

சொர்ணம் அத்தை வீட்டு ரேடியோ இன்று காலையில் கரகரவென்று இழுத்து, நின்றுபோய்விட்டது. அத்தை அதன் மண்டையில் இரண்டு அடி வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

நாங்கள் நாலு பேர் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் பீடி சுற்றுகிறோம். சொர்ணம் அத்தை, புஷ்பம் அக்கா, வடிவக்கா, நான். வடிவக்காவின் மகள் பேச்சியும் இருப்பாள், நாலு வயது. ரேடியோ இல்லாமல் யாருக்கும் கை ஓடவில்லை. இலை வெட்டுகிற கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏட்டி முப்பிடாதி, நீ ஒம்பதாப்பு வரைக்கும் போனவதான? ஒரு கதப் பொஸ்தகம் எடுத்துட்டு வந்து வாசியேன்" என்றாள் அத்தை.

 பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. அம்மாவுக்கு இளைப்பு முற்றி, பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்குகிற அவள் கார்டு என் கைக்கு வந்தபோது பள்ளிக்கூடம் நின்றது. எல்லாரும் பாவம் என்றார்கள். இனி எழுந்து வாசிக்க வேண்டாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"நான் வாசிச்சா என் பீடியை யாரு சுத்துவா?" என்று கேட்டுத் தப்பிக்கப் பார்த்தேன்.

"நாங்க சுத்துதோம். ஆளுக்கு ஒரு பிடி ஒன் தட்டுல போட்டா முடிஞ்சிது."

ஜூன் 9, செவ்வாய்

நூலகத்துக்குப் போனேன். ஞானதுரை சார் மட்டும் இருந்தார். மூன்று பெண்களுக்கு வாசித்துக்காட்ட ஒரு கதை வேண்டும் என்று சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. அவர் எழுந்து போய் மேல் தட்டிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். அட்டை பாதி கிழிந்திருந்தது. பெயர் இல்லை. நீளமான ஒரு ரோடும் அதில் ஒரு காரும் மட்டும் மிச்சம்.

"அமெரிக்க நாவல்மா. நாப்பது அம்பது வருஷம் முந்தி வந்தது, தமிழ்ல போட்டிருக்காங்க. ரெண்டு பசங்க காரை எடுத்துக்கிட்டு தேசம் முழுக்கச் சுத்துறாங்க. எதுக்குன்னு கேக்கக் கூடாது. இதைப் படிச்சிட்டு வீட்டை விட்டுக் கெளம்பினவங்க அங்க எத்தனையோ பேரு!" என்று, தானே எழுதியதுபோலப் பெருமையாகச் சொன்னார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வராததால் வாங்கிக்கொண்டேன்.

கடைசி வெற்றுத்தாளில் முன்பு எடுத்துப் போனவர்கள் பேனாவால் கிறுக்கியிருக்கிறார்கள். ஒருவர் "வாழ்ந்தால் இப்படி வாழணும்" என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே வேறு கையெழுத்தில் "உன் அப்பன் சம்பாத்தியத்திலா?" இன்னொருவர் "நூறு பக்கத்துக்கு மேல் முடியவில்லை. தலை சுற்றுகிறது." ஓரத்தில் பென்சிலால், சின்ன எழுத்தில்: "இவர்களை வீட்டில் யாரும் தேடமாட்டார்களா?"

ஜூன் 11, வியாழன்

இரண்டு நாளாக வாசிக்கிறேன். புத்தகத்தை மூக்கு வரை தூக்கிப் பிடித்துக்கொண்டால் யார் முகமும் தெரிவதில்லை. குரல் வருகிறது. எனக்கே ஆச்சரியம்.

கார் ஓட்டுகிறவன் பெயர் லோகன். கூடப் போகிறவன் பில். லோகன் என்றதும் அத்தை சிரித்தாள். "நம்ம ஆவின் பூத்து லோகநாதன் மாதிரில்லா இருக்கு! அவனும் ஒரு எடத்துல நிக்கமாட்டான்."

அத்தைக்குக் கதை பிடித்துவிட்டது. திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம் அவள் எதையும் பார்த்ததில்லையாம். பனி கொட்டுகிற ஊரும், மணல்காட்டுக்குள் நேராகப் போகிற ரோடும் வந்தால் கையை நிறுத்திவிட்டு, "திரும்ப ஒருக்க வாசி" என்கிறாள்.

புஷ்பம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு ஞாயித்துக்கெழமயாவது கோயிலுக்குப் போறானுவளா? குடி, கூத்து, அடுத்தவன் காரு. இதையும் ஒருத்தன் எழுதி, இன்னொருத்தன் தமிழாக்கி!" ஆனாலும் தினம் முதல் ஆளாக வந்து என் பக்கத்தில் இடம் போடுகிறாள். நான் அசிங்கமாக எதையும் வாசித்துவிடக் கூடாது என்று காவல் இருக்கிறாளாம். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பாள், கண் பீடி நுனியில்தான் இருக்கும். சர்ச்சில் ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கிறவள். வாயில் பொய் வராது என்று ஊரே சொல்லும். பீடிக் கடையில் கணக்கு எடுப்பவர் தவறுதலாக ஒரு கட்டு அதிகம் எழுதிவிட்டால்கூட திருப்பிப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

பேச்சி ஒரு காலித் தட்டைச் சக்கரம்போலப் பிடித்துக்கொண்டு "டுர்ர்ர்" என்று கூடத்தைச் சுற்றி வருகிறாள். அவள்தான் லோகன். "ஏட்டி, ஓரமாப் போறவங்க மேல ஏத்தாத, ஆரன் அடி" என்றாள் அத்தை. பேச்சி அடிக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டாள்.

எனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ரோடு முடியவே இல்லை என்று வருகிற இடங்களை வாசிக்கும்போது, மொட்டைமாடி விளிம்பில் நிற்பதுபோல உள்ளங்கால் கூசுகிறது.

ஜூன் 16, செவ்வாய்

சில பக்கங்களை வாய்விட்டு வாசிக்க முடியாது. லோகனும் பில்லும் பெண்களோடு இருக்கிற பக்கங்கள். அங்கெல்லாம் "அவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள்" என்று சொல்லி நாலு பக்கம் தாண்டிவிடுகிறேன்.

"என்னட்டி எப்பப் பாத்தாலும் தூங்குதானுவ" என்றாள் அத்தை. "பெறவு வண்டி எப்படி ஓடும்?"

இன்று லோகனின் மனைவி வந்தாள். மேபல். பனி ஊரில் ஒற்றை அறை, கைக்குழந்தை. அவள் துணி அலசிக்கொண்டிருக்கும்போது, சிகரெட் வாங்கிவிட்டு வருகிறேன் என்று லோகன் இறங்கிப் போகிறான். தெருமுனையில் காரோடு பில் நிற்கிறான். அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் அவர்கள் இருநூறு மைல் தாண்டிவிட்டார்கள், பாடிக்கொண்டு.

வடிவக்கா இதுவரை கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பேசினாள்.

"எங்க வீட்டு ஆளு கதையில்லா இது."

வடிவக்காவின் புருஷன் பலவேசம் லாரி ஓட்டுகிறார். நாக்பூர், குவாஹாட்டி என்று போய்விட்டு எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

ஜூன் 19, வெள்ளி

பதினோரு மணி வாக்கில் தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. நீளமாக, மூன்று தரம். பேச்சி தட்டைப் போட்டுவிட்டு அத்தையின் கட்டிலுக்கு அடியில் ஓடிப்போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வடிவக்கா பாதிச் சுற்றின பீடியை அப்படியே வைத்துவிட்டு, குனிந்து பிள்ளையை இழுத்து எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

 "வாசி" என்றாள் புஷ்பம் அக்கா.

ஜூன் 20, சனி

வடிவக்கா வரவில்லை. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. ஆவி பிடிக்க வைத்தேன்.

ஜூன் 22, திங்கள்

வடிவக்கா வந்தாள். இடது கையில் இரண்டு விரலைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தாள். "நெலக்கதவு இடுக்கிட்டு" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னால். நூலை இழுத்துப் பிடிக்க முடியாமல் அவள் பீடியெல்லாம் தொளதொளவென்று வந்தது. கடையில் கழித்துவிடுவார்கள். அத்தை தன் தட்டிலிருந்து இரண்டு பிடி அள்ளி அவள் தட்டில் போட்டாள்.

பலவேசம் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது வடிவக்கா குறுக்கே கேட்டாள். "அந்த மேபலு பெறவு என்ன ஆனா?"

"வரும்க்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து, அடுப்பில் சோறு வேகும்போது புத்தகத்தைக் கடைசிவரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். அவள் பெயர் எங்கேயும் இல்லை. சிகரெட் வாங்கப் போனவனுக்குக் கதை இருக்கிறது. துணி அலசிக்கொண்டிருந்தவளுக்கு அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது. சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 23, செவ்வாய்

இன்று மேபல் வந்தாள்.

லோகன் ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கிற இடத்துக்குப் பிறகு. மேபல் துணியை அலசிப் பிழிந்து கொடியில் போடுகிறாள். அது காய்வதற்குள் அவன் வரவில்லை. மறுநாள் மடித்து வைக்கிறாள். அவன் துணியைத் தனியாக, தன் துணியைத் தனியாக. பிறகு தன் துணியையும் பிள்ளை துணியையும் ஒரு பைக்குள் வைக்கிறாள்.

"அப்படிப் போடு!" என்று அத்தை தொடையில் தட்டினாள். புகையிலைத் தூள் பறந்தது.

"கைப்பிள்ளையோட எங்கட்டி போவா?" என்றாள் வடிவக்கா.

"அது நாளைக்கு வருது."

புஷ்பம் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 24, புதன்

பலவேசம் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பத்து நாளில் வருவாராம். தெருவே கொஞ்சம் அகலமானதுபோல இருந்தது.

மேபல் பஸ் ஏறினாள்.

ஜூன் 26, வெள்ளி

லோகன் வந்தால் இப்போது யாரும் கேட்பதில்லை. "அவன் கெடக்கான், மேபலு எங்க இருக்கா?" என்கிறார்கள். படுத்த பிறகும் எனக்கு மேபல் நினைப்பாகவே இருக்கிறது. அவள் நாளைக்கு எங்கே தூங்குவாள், பிள்ளைக்கு என்ன கொடுப்பாள் என்று.

இன்று அவள் மேற்கே, துணி தைக்கிற கம்பெனிகள் நிறைய இருக்கிற ஓர் ஊரில் இறங்கினாள். வேலைக்கு வந்த பெண்கள் தங்குகிற ஒரு விடுதி. அங்கே சமைக்கிற அம்மாள் யாரையும் எதுவும் கேட்கமாட்டாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "முதலில் சாப்பிடு" என்கிறாள்.

வடிவக்கா தலை நிமிரவே இல்லை. அவள் கண்ணீர் இலை மேல் விழுந்தது.

"ஏட்டி, ஒங்க சித்தி கூட அப்படி ஒரு ஊர்லதான சமைக்கா?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

புத்தகத்தை இன்னும் மேலே தூக்கிக்கொண்டேன். "அது அமெரிக்கா அத்தை" என்றேன்.

"அங்கயும் தையக் கம்பெனி இருக்கும் போல. நல்லதுதான்."

ஜூன் 29, திங்கள்

கடையில் பீடி போட்டுவிட்டு வரும்போது வடிவக்கா என்கூட நடந்து வந்தாள். குளத்துக்கரை வந்ததும் நின்றாள். பேச்சி முன்னால் தட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.

"முப்பிடாதி, மேபலு போனாளே, அந்த ஊரு..."

"கதைக்கா அது" என்றேன்.

"கதைன்னு எனக்குத் தெரியாதா? அந்த மாதிரி ஒரு எடம் இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

அவள் கையைப் பார்த்தேன். கட்டு அவிழ்த்தாயிற்று. விரல் கோணலாகவே நின்றுவிட்டது.

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இதில் எழுதமாட்டேன்.

ஜூலை 1, புதன்

வடிவக்கா வீடு பூட்டிக் கிடக்கிறது. இலையும் தூளும் கடையில் திருப்பிக் கொடுத்து, கணக்கு நேர் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். அத்தை வீட்டுக் கூடத்தில் பேச்சியின் காலித் தட்டும் இல்லை.

"அம்மை வீட்டுக்குப் போயிருப்பா" என்றாள் புஷ்பம் அக்கா.

 மேபல் பகுதியை வாசிக்கவில்லை. மணல்காட்டை இரண்டு தரம் வாசித்தேன்.

ஜூலை 4, சனி

லாரி வந்துவிட்டது. ஹாரன் கேட்டதும் நான் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

ஜூலை 5, ஞாயிறு

பலவேசம் மாமியார் வீட்டிலும், வடிவக்காவின் தங்கை வீட்டிலும் தேடிவிட்டு வந்தாராம். பிறகு அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாராம். "பிள்ளையப் பாக்காம சோறு எறங்க மாட்டேங்குது அத்தை" என்று. அத்தைக்கு யார் அழுதாலும் தாங்காது. "கதையில வார மேபலு மாதிரி போயிட்டாளோ என்னமோ" என்று சொல்லிவிட்டாள்.

உடனே அழுகை நின்றுவிட்டதாம். "அந்த மேபலு எங்க போனா?"

அப்போதுதான் அத்தைக்குத் தான் செய்தது புரிந்திருக்கிறது. "எனக்கு ஞாபகம் இல்லப்பா, புள்ளதான் வாசிச்சா" என்று என் தலையில் போட்டுவிட்டாள். நாளைக்கு வருகிறாராம். அந்தப் பக்கத்தை அவர் முன்னால் நான் வாசிக்க வேண்டுமாம்.

எந்தப் பக்கம்?

அது புத்தகத்தில் இல்லை. பஸ், விடுதி, சமைக்கிற அம்மாள், எல்லாம் நான் சொன்னது. இல்லை என்று சொன்னால் பிறகு எங்கிருந்து வந்தது என்று கேட்பார். வாசித்ததையே வாசித்தால், மேற்கே, துணி தைக்கிற ஊர், சமைக்கிறவள். என் சித்தி எங்கே என்ன வேலை செய்கிறாள் என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அடுத்த நாள் அங்கே லாரி போய் நிற்கும்.

புத்தகத்தைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று எடுத்துப் போனேன். போட்டால் அதற்கும் காரணம் கேட்பார். திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் இரண்டு தரம் வாந்தி. அம்மா கை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லியே" என்கிறாள்.

ஜூலை 6, திங்கள்

 இதை இன்றே எழுத வேண்டும்.

பலவேசம் பத்து மணிக்கு வந்தார். குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பேச்சி உட்காருகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நல்லா இருக்கியாம்மா?" என்று என்னைக் கேட்டார். குரல் மெதுவாக இருந்தது. கத்தியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

"நேரா அந்த எடத்துக்குப் போவாத. அதுக்கு முன்னாடி கொஞ்சம் வாசி. என்ன கதைன்னு நானும் தெரிஞ்சுக்கிடணும்லா."

லோகன் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறங்குகிற இடத்தை வாசித்தேன். பலவேசம் முன்னால் குனிந்து கேட்டார்.

"அந்த எறக்கத்துல கியரக் கொறைக்காம எறங்குதானா? கிறுக்கன்! ஆனா ஓட்டத் தெரிஞ்சவன்தான்." கொஞ்சம் போனதும் தொடையில் தட்டிச் சிரித்தார். "இவன் நம்ம ஆளு. பாத்தியா அத்தை, ரோட்டுல போறவனுக்குத்தான் இது புரியும். வீட்டுல இருக்கிறவளுக்கு என்ன தெரியும்?"

அவர் அந்தக் கதையை ரசித்தார். நாங்கள் எல்லாரும் ரசித்ததைவிட அதிகமாக ரசித்தார். 

பிறகு சொன்னார். "சரி. இப்ப அவன் பொண்டாட்டி எங்க போனான்னு வாசி."

பெட்ரோல் பங்க் பக்கத்தை எடுத்தேன். எழுத்தெல்லாம் எறும்புபோல ஊர்ந்தது. மேபல் துணி அலசியதைச் சொன்னேன். மடித்ததைச் சொன்னேன். பஸ் ஏறியதைச் சொன்னேன். அதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் நின்றதுபோல் குரல் நின்றுவிட்டது.

"ம்" என்றார் பலவேசம்.

"மேபல்... மேபல் வடக்கே போனாள்" என்றேன். "பஸ்ஸிலிருந்து இறங்கி ரயிலில் ஏறினாள். இரண்டு இரவு, ஒரு பகல். கடலை ஒட்டிய பெரிய பட்டணம். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கிற தகரக் கூரைகள். அங்கே ஒருவரை ஒருவர் யாரும் தேடுவதில்லை. உறவுக்காரர் ஒருவர் அவளை நிலையத்தில் வந்து அழைத்துப் போனார்."

"அய்ய, அது இல்லட்டி" என்று அத்தை வாயைத் திறந்தாள். பழக்கதோஷம். "அது துணி..."

"சொர்ணம், ஒன் நூலு சிக்கிட்டு பாரு" என்றாள் புஷ்பம் அக்கா, சத்தமாக.

அத்தை குனிந்து நூலைப் பார்த்தாள். நூல் சிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தலை நிமிரவில்லை.

பலவேசம் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எழுந்து வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். பக்கத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். ரோட்டில் மைல்கல்லைப் படிக்கிறவருக்கு அந்தப் பொடி எழுத்து பிடிபடவில்லை போல. 

பிறகு புத்தகத்தை புஷ்பம் அக்காவிடம் நீட்டினார்.

"யக்கா, நீ வேதம் வாசிக்கிறவ. ஒன் வாயில பொய் வராதுன்னு எங்க அம்மை சொல்லுவா. நீ வாசி. இதுல என்ன போட்டுருக்கோ, அத அப்படியே வாசி."

 அந்தப் பக்கத்தில் இருப்பது லோகன் பெட்ரோல் போட்டுவிட்டு ரொட்டி வாங்கித் தின்பது. நான் இத்தனை நாள் வாசித்தது எதுவும் புத்தகத்தில் இல்லை என்று புஷ்பம் அக்காவுக்கு இப்போது தெரிந்துவிடும். அவள் உள்ளதைத்தான் வாசிப்பாள். அவளுக்கு வேறு தெரியாது.

அக்கா கையைச் சேலையில் துடைத்தாள். கண்ணாடியைச் சரி செய்தாள். புத்தகத்தைக் கோயிலில் பிடிக்கிறதுபோல இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு, வேதம் வாசிக்கிற அதே ராகத்தில், ஒரு விரலை வரி வரியாக நகர்த்தி வாசித்தாள்.

"மேபல் வடக்கே போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ரயிலில் ஏறினாள். இரண்டு இரவு, ஒரு பகல். கடலை ஒட்டிய பெரிய பட்டணம். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கிற தகரக் கூரைகள்." பக்கத்தைப் புரட்டினாள். "பிள்ளைக்கு ரயில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை."

கடைசி இரண்டு வரி நான் சொல்லாதது.

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு பலவேசத்தை நேராகப் பார்த்தாள். "அவ்வளவுதாம்ப்பா போட்டுருக்கு."

பலவேசம் வேட்டியை மடித்துக் கட்டினார். "பம்பாயில அவளுக்கு அண்ணன் மொறைக்காரன் ஒருத்தன் இருக்கான்" என்று தனக்குள் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "கத நல்லாத்தான் இருக்கு. முடிச்சிட்டுக் குடு, நான் ஒருக்கக் கேக்கணும்" என்றார்.

ஜூலை 7, செவ்வாய்

லாரி விடியும்போதே வடக்கே போய்விட்டது.

 மத்தியானம் அத்தை திடீரென்று, "என் வாயில சூடு வைக்கணும்" என்று அழுதாள். புஷ்பம் அக்கா அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

கடைக்குப் போகும் வழியில் புஷ்பம் அக்காவிடம் கேட்டேன். "உங்களுக்கு எப்படி...?"

"பக்கத்துலதானட்டி இருக்கேன்? எனக்குக் கண்ணு இல்லியா? நீ மொத நாளு நாலு பக்கம் தாண்டினப்பயே பாத்தேன். அசிங்கத்த விடுதா, நல்ல புள்ளன்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் நடந்தாள். "பெறவு மேபலு வந்தா. பக்கத்தைப் பாத்தேன், இல்ல. மறுநாளும் பாத்தேன், இல்ல. சரி, எழுதினவனுக்கு விட்டுப்போச்சு, இந்தப் புள்ளைக்கு விட்டுப்போவலைன்னு இருந்துட்டேன்."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்" என்றாள். அதைக் கேட்டதும் பயம் இன்னும் கூடிவிட்டது.

ஜூலை 13, திங்கள்

நேற்று கோயிலில் திருவிருந்தில் அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போனபோது புஷ்பம் அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லையாம். கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். பாதிரி ஐயர் கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றாளாம். தெருவில் எல்லாரும் ஆச்சரியமாகப் பேசுகிறார்கள். பாவம் செய்தவர்கள்தான் அதை வாங்கக் கூடாதாம்.

இன்று வழக்கம்போல முதல் ஆளாக வந்து என் பக்கத்தில் இடம் போட்டாள்.  என் தட்டில் அவள் போட்ட பிடி இன்று பெரிதாக இருந்தது. என் தட்டிலிருந்து உங்கள் தட்டுக்கு நான்தான் போட வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். 

ஜூலை 16, வியாழன்

கதை முடிந்துவிட்டது. கடைசியில் லோகன் ஒரு தெருமுனையில் தனியாக நிற்கிறான். பில் வேறு காரில் போய்விடுகிறான்.

"இவ்வளவுதானா?" என்றாள் அத்தை. "எனக்கு அந்த மணல்காடு போதும். அத ஒருக்க வாசிச்சிட்டு மூடு."

நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். பலவேசம் கேட்டால் நூலகத்தில் கேட்கச் சொல்லலாம். ஞானதுரை சார் எப்படி இருந்தது என்றார். எல்லாருக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்தது சார் என்றேன். "அதுதான் பெரிய புத்தகம்!" என்று சந்தோஷப்பட்டார். அவர் ஒரு தரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

கடைசித் தாளில் ஏதாவது எழுதலாமா என்று பேனாவை எடுத்தேன். பிறகு மூடிவிட்டேன்.

ஜூலை 18, சனி

பலவேசம் இன்னும் வரவில்லை. எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் கத்திரி கை தவறுகிறது.

மத்தியானம் மளிகைக் கடைக்காரர் மகள் ஓடிவந்து, உங்க சித்தி போன் என்றாள். ஓடினேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ரிசீவரைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாவுக்கு இளைப்பு எப்படி இருக்கு? மாத்திரை வாங்கியாச்சா?" என்றாள் சித்தி. இருக்கு, வாங்கியாச்சு என்றேன். "இங்க மழை. நல்லா இருக்கோம்" என்றாள். எப்போதும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள்.

அதற்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே, தூரத்திலிருந்து ஒரு சத்தம் கிட்டே வந்தது. டுர்ர்ர். போனைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது.

"யாரு சித்தி அது?"

"பக்கத்து வீட்டுப் புள்ள. தட்ட வச்சிக்கிட்டு ஒரே அலம்பல். சமையக்கட்டுல கால் வைக்க முடியல."

டுர்ர்ர் நின்றது. யாரோ வழியில் குறுக்கே நின்றிருக்க வேண்டும். ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு, "பாம்! பாம்!" என்று பிள்ளை வாயால் ஹாரன் அடித்தது.

கடையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அரைக் கிலோ உளுந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இதை எழுதியிருக்கக் கூடாது. அம்மா அடுப்பு மூட்டுகிறாள். மூட்டட்டும், இந்தத் தாளைக் கிழித்து அதில் போட்டுவிடுவேன்.